ஆலைக்கு நம்பர் இருக்கிறது, அலுவலகத்துக்கு?

கேள்வி: சென்னைப் பக்கம் ஆலை உள்ள பெரிய வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றில் ஹெச்ஆர் பொது மேலாளராக இருக்கிறேன். ஆலையில் ஒரு ஷிஃப்டில் எத்தனை பீஸ் வந்தது, எத்தனை ரிஜெக்ட் ஆனது என்று சாயங்காலமே தெரிந்துவிடும். தலைமை அலுவலகத்தில் கணக்கு, கொள்முதல், ஹெச்ஆர், சட்டம், ஐடி என்று 850 பேர் இருக்கிறார்கள். "மெஷினில் நிற்பவனுக்கு நம்பர் இருக்கிறது, ஏசியில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஏன் இல்லை?" என்று எங்கள் எம்டி கேட்கிறார். மூன்று மாதத்துக்குள் ஒவ்வொருவருக்கும் 100க்கு ஒரு மார்க் வேண்டும் என்கிறார். கீபோர்டு, மவுஸ், திறந்திருக்கும் திரை, அனுப்பிய மெயில் எல்லாவற்றையும் கணக்கிட்டு மார்க் போடும் ஒரு மென்பொருளை 40 பேரிடம் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தோம். வெண்டர் பேமெண்ட் (சரக்கு கொடுப்பவர்களுக்குப் பணம் தரும்) பிரிவில் 14 வருடமாக இருக்கும் ஒரு பெண்மணிக்கு 38 வந்தது. அந்தப் பிரிவிலேயே அதுதான் கடைசி மார்க். அவர் ஒரு வாரம் லீவு போட்டால் பிரிவே நின்றுவிடும் என்கிறார் அவருடைய மேலாளர். மார்க் தவறா, மேலாளர் தவறா? மென்பொருளை வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் எம்டியின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 850 பேருக்குச் சம்பளம் கொடுப்பவர், அந்தப் பணத்துக்கு என்ன நடக்கிறது என்று கேட்கத்தான் வேண்டும். மூளை உழைப்பை அளக்கவே முடியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிற கட்சியில் நான் இல்லை. அளக்கலாம். ஆனால் அந்த மென்பொருள் அளப்பது உங்கள் எம்டி கேட்டதை இல்லை.

ஆலையில் நம்பர் ஏன் வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம். 1899ல் அமெரிக்காவின் பெத்லஹேம் ஸ்டீல் ஆலையில் ஃபிரெடெரிக் டெய்லர் செய்த சோதனை நிர்வாகப் படிப்பு படித்த எல்லோருக்கும் தெரியும். ஓர் இரும்புக் கட்டி சுமார் 42 கிலோ. அதைத் தூக்கிப் போய் ரயில் பெட்டியில் ஏற்ற வேண்டும். ஓர் ஆள் நாளுக்கு 12½ டன் ஏற்றிக்கொண்டிருந்தார். எப்போது தூக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொன்னதும் 47½ டன் ஏற்றினார் என்று டெய்லர் எழுதினார். அந்த முறையின் கொடுமை பற்றி நிறையப் பேசலாம், இப்போது வேண்டாம். அங்கே வேலை என்ன என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. கட்டி இங்கே கிடக்கிறது, அங்கே போக வேண்டும். ஒரு கட்டிக்கும் அடுத்த கட்டிக்கும் வித்தியாசம் கிடையாது. எண்ணினால் போதும்.

'அறிவுப் பணியாளர்' என்ற சொல்லை 1959ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர். அவரே 40 வருடம் கழித்து, 1999ல், இவர்களுடைய உற்பத்தித்திறனைப் பற்றி எழுதும்போது முதலில் வைத்த கேள்வி, "வேலை என்ன?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்த வேலையைச் செய்பவரே என்றும் சொன்னார். அந்தப் பெண்மணியிடம் உங்கள் நிறுவனத்தில் யாராவது இதைக் கேட்டிருக்கிறார்களா? கேட்டிருந்தால் 38 என்ற எண்ணைப் பார்த்து நீங்கள் குழம்பியிருக்க மாட்டீர்கள்.

பில் போடுவதுதானே அவர் வேலை என்று தோன்றும். இப்படிப்பட்ட ஒரு மேஜைக்குப் பக்கத்தில் இரண்டு நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரு பில் வருகிறது. பிஓவில் (கொள்முதல் ஆர்டரில்) 500 பீஸ். பில்லிலும் 500. ஸ்டோர்ஸ் போட்ட ஜிஆர்என்னில் (சரக்கு வந்து சேர்ந்த ரசீதில்) 480. மூன்றும் ஒத்துப்போனால்தான் ஈஆர்பி என்ற நிறுவனக் கணக்கு மென்பொருள் அதை ஏற்றுக்கொள்ளும். கணக்கில் இருந்த அம்மா ஸ்டோர்ஸுக்குப் போன் போட்டார். ஆள் இல்லை. பத்து நிமிடம் கழித்து எழுந்து நடந்தே போனார். 20 பீஸில் துளை அளவு சரியில்லை என்று குவாலிட்டி தள்ளிவைத்திருந்தது. அதை யாரும் எழுதவில்லை. திரும்பி வந்து வெண்டருக்குப் போன் செய்து, 20 பீஸின் தொகையைக் கழிக்க டெபிட் நோட் போட வேண்டும் என்றார். அந்தப் பக்கம் இருந்தவர் சத்தம் போட்டார். இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போன மாத பில்லிலும் விலை பழைய ரேட்டில் இருப்பதை நினைவுபடுத்தி, இரண்டையும் சேர்த்து முடித்துக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்தார். அப்புறம் கொள்முதல் பிரிவுக்குப் போய், பிஓவில் புது ரேட் ஏறாததைச் சொல்லிவிட்டு வந்தார். இந்த ஒரு பில்லுக்கு ஒன்றே கால் மணி நேரம். கீபோர்டைத் தொட்டது மொத்தம் நாலு நிமிடம் இருக்கும்.

அடுத்த நாற்காலியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமான பையன். அவனுக்குச் சுத்தமான பில்கள்தான் வரும், மூன்று காகிதமும் ஒத்துப்போவது. மதியத்துக்குள் 30 பில் ஏற்றிவிட்டான். நல்ல பையன், சோம்பல் இல்லாதவன். எண்ணிப் பார்த்தால் அவன் ராஜா. ஆனால் முடிச்சு விழுந்த பில் எல்லாம் அந்த அம்மாவின் ட்ரேக்குப் போனதால்தான் அவனால் அவ்வளவு வேகமாகப் போக முடிந்தது. உங்கள் அலுவலகத்தில் 38 மார்க் வாங்கியவரின் நாளும் இப்படித்தான் போகும் என்று ஊகிக்கிறேன். எல்லோரும் அவரை நம்புவதால் அவருடைய எண்ணிக்கை குறைகிறது.

ஆகவே மார்க் தவறா என்று கேட்டால், கீபோர்டு எவ்வளவு நேரம் அசைந்தது என்பதை அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அதற்கு உற்பத்தித்திறன் என்று பெயர் வைத்ததுதான் தவறு.

அப்படிப் பெயர் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியைப் பாருங்கள். 2024ல் அந்த வங்கி, வேலை செய்வதுபோல் கீபோர்டு அசைவைப் போலியாக உண்டாக்கினார்கள் என்று சொல்லி ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்களை வேலையைவிட்டு அனுப்பியது. அதே வங்கியில் அதற்கு முன்பு நடந்தது இன்னும் பெரிது. ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுக் கணக்கு விற்க வேண்டும் என்று கிளை ஊழியர்களை இலக்கு வைத்து நெருக்கினார்கள். வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகள் திறக்கப்பட்டன. 2016ல் விஷயம் வெளிவந்தபோது அப்படிப்பட்ட கணக்குகள் 20 லட்சம் வரை இருக்கலாம் என்றார்கள். அதற்குள் சுமார் 5,300 பேரை வங்கி வெளியே அனுப்பியிருந்தது. அபராதம் 18.5 கோடி டாலர். 2020ல் இன்னொரு 300 கோடி டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. 5,300 பேரும் பிறவித் திருடர்களா என்ன? மாலை ஆனதும் ஒரு நம்பரைக் காட்டியாக வேண்டும் என்றால் மனிதர் அந்த நம்பரைத்தான் உண்டாக்குவார். ஓர் அளவை இலக்காக வைத்து நெருக்கினால் அது அளவாக இருக்கும் தகுதியை இழந்துவிடும் என்பதை பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975லேயே, பணக் கொள்கையைப் பற்றிப் பேசும்போது, சுட்டிக்காட்டிவிட்டார்.

நானும் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கிளெய்ம் பிரிவுக்கு, ஒரு நாளில் ஒருவர் இத்தனை ஃபைல் முடிக்க வேண்டும் என்று இலக்கு போட்டுக் கொடுத்தேன். முதல் மாதமே எண்ணிக்கை ஏறியது, எல்லோரும் கைகுலுக்கினார்கள். மூன்றாவது மாதம் தபால் பிரிவுக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார், வெளியே போகும் கடிதம் இரண்டு மடங்காகிவிட்டது என்று. என்னவென்று பார்த்தால், 'கூடுதல் தகவல் தேவை' என்று வாடிக்கையாளருக்கு ஒரு கடிதம் எழுதினால் அந்த ஃபைல் முடிந்ததாகக் கணக்கு. ஒரே கடிதத்தில் ஐந்து காகிதம் கேட்கலாம். அதை ஐந்து கடிதமாக, ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவைக் கடன் வாங்கிக் கட்டிவிட்டுக் காத்திருந்த குடும்பங்கள் அந்தக் கடிதங்களைப் பிரித்துப் படித்திருக்கும். அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

சரி, அப்படியானால் எதை அளப்பது?

வேலையை அளக்கலாம். ஒரு பில்லை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போங்கள். நான் மேலே சொன்ன அதே நிறுவனத்தில், மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு, ஒரு பில்லின் தேதிகளை எல்லாம் ஒரு நீளக் காகிதத்தில் எழுதினேன். சரக்கு கேட்டுக்குள் வந்த நாள், ஜிஆர்என் போட்ட நாள், பில் கணக்குப் பிரிவுக்கு வந்த நாள், ஏற்றிய நாள், அப்ரூவல் கிடைத்த நாள், வங்கியிலிருந்து பணம் போன நாள். மொத்தம் 26 நாள். அந்த 26 நாளில் மனிதர்கள் அந்தப் பில்லுக்காக உண்மையில் வேலை செய்த நேரத்தைக் கூட்டினால் ஒரு மணி நேரம்கூட வரவில்லை. மீதி எல்லாம் காத்திருப்பு. அதில் 11 நாள், வெளியூர் போயிருந்த ஒரு துறைத் தலைவரின் மெயில் பெட்டிக்குள். தொகை எவ்வளவு தெரியுமா? 18,400 ரூபாய். 10,000க்கு மேல் எதுவானாலும் அவர் கையெழுத்து வேண்டும் என்று எப்போதோ ஒரு விதி போட்டிருக்கிறார்கள்.

அந்த வரம்பை உயர்த்தியதும் நாட்கள் குறைந்தன. யாரும் வேகமாகத் தட்டச்சு செய்யவில்லை. கணக்குப் பிரிவில் ஒவ்வொருவருக்கும் 100க்கு 95 வந்திருந்தாலும் அந்த 11 நாளில் ஒரு நாள்கூடக் குறைந்திருக்காது. அப்புறம் இதையும் கவனியுங்கள். அந்தத் துறைத் தலைவருக்கு உங்கள் மென்பொருள் 90 போட்டிருக்கும். நாள் முழுக்க மெயில் அனுப்பிக்கொண்டிருந்த மனிதர் அவர்.

தனித்தனி ஆளுக்கு மார்க் போடுவதைப் பற்றி, தர நிர்வாக அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் தன் வகுப்புகளில் ஒரு விளையாட்டு நடத்துவார். ஒரு பெட்டியில் 3,200 வெள்ளை மணி, 800 சிவப்பு மணி. 50 குழி உள்ள பலகையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். வெள்ளை நல்ல சரக்கு, சிவப்பு பழுது. ஒருவருக்கு 6 சிவப்பு வரும், டெமிங் பாராட்டுவார். இன்னொருவருக்கு 15 வரும், திட்டுவார். அடுத்த சுற்றில் பாராட்டு வாங்கியவருக்கு 12 வரும், உடனே 'தலைக்கனம் வந்துவிட்டது' என்பார். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பிறகுதான் அமைதியாவார்கள். ஐந்தில் ஒன்று சிவப்பாக இருக்கும் பெட்டியை அவர்கள் கையில் கொடுத்தது நிர்வாகம். உங்கள் 40 பேரின் ஒரு மாத மார்க்கில், 52க்கும் 61க்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் ஆளுடையதா பெட்டியுடையதா என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியுமா? அதை வைத்து பெல் கர்வ் போட்டு, அதாவது இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்று பிரித்து, யாருக்கோ பிஐபி (கெடுவுக்குள் வேலையை மேம்படுத்திக் காட்டு என்ற) கடிதம் கொடுக்கப் போகிறீர்கள் என்பதை நினைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வெண்டர் பேமெண்டுக்கு, பிரிவு முழுவதற்குமாக இரண்டு எண் போதும். கேட்டிலிருந்து வங்கி வரை எத்தனை நாள் என்பது ஒன்று. திருத்தம், இரட்டைப் பேமெண்ட், வெண்டர் புகார் எதுவும் இல்லாமல் முதல் தடவையே சரியாகப் போனது எத்தனை என்பது இன்னொன்று. இரண்டையும் எப்போதும் சேர்த்தே பார்க்க வேண்டும். இன்டெல்லை நடத்திய ஆண்டி குரோவ் இதை வலியுறுத்துவார், ஓர் அளவு எந்தப் பக்கம் இழுக்குமோ அதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கும் இன்னோர் அளவைக் கூடவே வைக்க வேண்டும் என்று. நாட்களை மட்டும் பார்த்தால் சரிபார்க்காமல் பணம் போகும். தவறை மட்டும் பார்த்தால் எந்தப் பில்லும் நகராது.

இதில் உங்கள் எம்டிக்கு உடனே புரியும் பணக் கணக்கும் இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. 2024 ஏப்ரலிலிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கெடு தாண்டி நிலுவையில் நிற்கும் தொகையை, உண்மையில் கொடுக்கும் வருடம் வரை செலவாகக் காட்ட முடியாது, வரி கூடும். அம்பத்தூரில் இரண்டு லேத் வைத்துக்கொண்டு உங்களுக்குப் புஷ் என்ற உதிரிபாகம் அடித்துக் கொடுக்கும் பட்டறைக்காரர், உங்கள் பணம் வந்துதான் சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டும். அவருக்கு 44வது நாளில் பணம் போய்ச் சேர்வதற்கு யார் காரணமோ அவருடைய உற்பத்தித்திறன் அங்கே இருக்கிறது.

மற்ற பிரிவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம் என்பதுதான் என் யோசனை. ஆள் எடுக்கும் பிரிவில் இன்டர்வியூ எண்ணிக்கையை விடுங்கள். எடுத்தவர்களில் எத்தனை பேர் ஒரு வருடம் கழித்தும் இருக்கிறார்கள், அவர்களை மறுபடி எடுப்பீர்களா என்று அந்தந்த மேலாளரைக் கேளுங்கள். ஐடியில், ஒரு தேவை சொல்லப்பட்ட நாளிலிருந்து அது கையில் கிடைக்க எத்தனை நாள், கொடுத்ததில் எத்தனை உடைந்தது என்று பாருங்கள். எழுதிய வரிகளை எண்ண வேண்டாம். ஆப்பிளில் 1982ல் வாரா வாரம் எத்தனை வரி நிரல் எழுதினோம் என்று ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். அங்கே நிரல் எழுதிய பில் அட்கின்சன் ஒரு பகுதியை வேகமாக ஓடும்படி திருத்தி எழுதியதில் 2,000 வரி குறைந்துவிட்டது. படிவத்தில் மைனஸ் 2,000 என்று எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் அவரிடம் அந்தப் படிவத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். சட்டப் பிரிவுக்கு என்னிடம் எண் இல்லை. வராத வழக்கை எப்படி எண்ணுவது? அவர்களிடம் வேலை வாங்கும் பத்துப் பேரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை உட்கார வைத்துக் கேளுங்கள், அது போதும். சில வேலைகளை, அந்த வேலை தெரிந்த ஒருவர் பார்த்துத்தான் எடை போட முடியும். இதை எம்டியிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

"அப்போ சும்மா உட்கார்ந்திருக்கிறவனை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று அவர் கட்டாயம் கேட்பார். சும்மா இருப்பவர்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களைக் கண்டுபிடிக்க மென்பொருள் எதற்கு? பக்கத்துச் சீட்டுக்காரருக்குத் தெரியும், டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். நேரடி மேலாளருக்கும் தெரியும். தெரிந்தும் அவர் முகத்துக்கு நேராகப் பேசத் தயங்குகிறார், அவ்வளவுதான். ஹெச்ஆர் அவருக்குத் துணை நிற்குமா என்று அவருக்குச் சந்தேகம். அந்தத் துணையைக் கொடுப்பது உங்கள் வேலை. நாலைந்து பேரிடம் பேச வேண்டியதைத் தவிர்ப்பதற்காக 850 பேருடைய திரையையும் வேவு பார்ப்பது நியாயமே இல்லை.

ஒரு கண்டிப்பு. இந்த எண்களை முதல் வருடம் அப்ரைசலோடும் இன்கிரிமென்டோடும் முடிச்சுப் போடாதீர்கள். போட்ட அன்றே சுத்தமான பில்லுக்குப் போட்டி தொடங்கும். முடிச்சு விழுந்தது ட்ரேயின் அடியில் தங்கும்.

மேலாளர் தவறா என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பெண்மணியைப் பற்றி அவர் சொன்னது சரி. ஆனால் 14 வருடமாக அவர் தலைக்குள் இருப்பதை எழுதி வைக்காமல், ஒருவர் லீவு போட்டால் பிரிவு நிற்கும் நிலையில் விட்டு வைத்திருப்பது மேலாளரின் குறைதான். எந்த வெண்டரின் பில்லில் என்ன முடிச்சு திரும்பத் திரும்ப விழுகிறது என்று அவரிடம் கேளுங்கள். பாதி முடிச்சு பழைய ரேட்டில் நிற்கும் பிஓவாகவும், எழுதாத ரிஜெக்ஷனாகவும் இருக்கும், அதை ஸ்டோர்ஸிலும் கொள்முதலிலும் சரிசெய்ய வேண்டும். இரண்டு இளையவர்களை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். கற்றுக்கொடுக்கும் மாதங்களில் அவர் ஏற்றும் பில் இன்னும் குறையும். அது ஏன் குறைகிறது என்பதை இப்போதே எழுத்தில் பதிந்து வையுங்கள், நாளைக்கு யாரும் அதை எடுத்து அவருக்கு எதிராகக் காட்டாதபடி.

மென்பொருளை வாங்க வேண்டாம். எம்டி தயங்கினால் மைக்ரோசாஃப்ட் கதையைச் சொல்லுங்கள். 2020ல் அவர்கள் நிறுவனங்களுக்குக் கொடுத்த புரொடக்டிவிட்டி ஸ்கோரில் ஒவ்வோர் ஊழியரின் பெயரோடும் விவரம் தெரிந்தது. கடும் எதிர்ப்பு வந்ததும் அதே வருடம் டிசம்பரில் பெயர்களை எடுத்துவிட்டு, நிறுவனம் முழுமைக்குமான கணக்காக மாற்றினார்கள். மூன்று மாதக் கெடுவில் அவருக்குக் கையில் ஏதாவது வேண்டும், அதுவும் நியாயம்தான். போன மாதம் பணம் போன பில்களில் கண்ணை மூடிக்கொண்டு 30 எடுங்கள், நான் சொன்ன ஆறு தேதிகளையும் எழுதுங்கள், ஒரு சுவரில் ஒட்டி அவரை அழைத்து வந்து காட்டுங்கள். ஆலையில் வளர்ந்தவர், காத்திருப்பு எங்கே என்று அவர் கண்ணுக்கு உங்களைவிட முன்னாலேயே தெரியும்.

கடைசியாக ஒன்று. அந்த 40 பேருக்கு, தங்கள் கணினியில் இது ஒரு மாதம் ஓடியது தெரியுமா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. தெரியாது என்றால் அவர்களைக் கூட்டிச் சொல்லிவிடுங்கள், மார்க்கை அவர்கள் முன்னாலேயே அழித்துவிடுங்கள். 38 என்ற எண் அந்தப் பெண்மணியின் காதுக்கு எப்படியாவது போயிருக்கும், அலுவலகத்தில் எதுவும் தங்காது. அதனால் அவரிடம் மட்டும் நீங்களே போங்கள். போகும்போது அந்த 30 பில்லையும் எடுத்துக்கொண்டு போனால், தேதிகளை எங்கே தேடுவது என்று அவரே சொல்லிக் கொடுப்பார்.